மூட்டுக்குள் முளைக்கும் ரத்தக் குழாய்: முடக்குவாத ரத்தப் பரிசோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஆய்வகத்தில் இருபது வருடத்துக்கு மேலாக ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, லேப் டெக்னீஷியன். மருந்தை மாற்றச் சொல்லும் அதிகாரம் எனக்குக் கிடையாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் ஊசி குத்துகிற அந்த இரண்டு நிமிடத்தில்தான் ஜனங்கள் மனதில் இருப்பதைக் கேட்கிறார்கள். டாக்டரிடம் கேட்கத் தயங்கியது, செல்போனில் பாதி படித்தது, பக்கத்து வீட்டு மதினி சொன்னது எல்லாம் அப்போது வெளியே வரும். கொஞ்ச நாளாக முடக்குவாதக்காரர்கள் சிலர் 'விஇஜிஎஃப்' என்ற பரிசோதனையைப் பற்றிக் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முடக்குவாதம் மூட்டு நோய்தானே? அதில் ரத்தக் குழாய்க்கு என்ன வேலை?

மூட்டுக்கு உள்பக்கமாக ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. வழுவழுப்பான திரவத்தைச் சுரந்து, எலும்பு எலும்போடு உரசாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. நல்ல மூட்டில் இந்தச் சவ்வின் மேல்படலம் ஒன்று முதல் மூன்று செல் அடுக்குதான். முடக்குவாதம் வந்தவருக்கு உடம்பின் எதிர்ப்பு சக்தி ஆள் தெரியாமல் இந்தச் சவ்வையே தாக்குகிறது. சவ்வு தடித்து, பத்து அடுக்கையும் தாண்டி, சதைத் திண்டாக மாறிக் குருத்தெலும்பின் மேல் படர்கிறது. டாக்டர்கள் இதைப் 'பானஸ்' என்பார்கள். குருத்தெலும்பையும் எலும்பையும் அரிப்பது இதுதான்.

படர்கிற சதைக்குச் சாப்பாடு வேண்டும், ஆக்சிஜன் வேண்டும். பழைய ரத்தக் குழாய்கள் பழைய அளவுச் சவ்வுக்குத்தான் போதும். நம் ஊர்க் கால்வாய்களை நினைத்துக்கொள்ளுங்கள். கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் எல்லாம் அததற்கு இவ்வளவு வயல் என்று கணக்கோடு வெட்டியவை. கடைமடைக்கு அந்தப் பக்கம் ஒருவன் புதிதாக வயல் போட்டால் தண்ணீர் எட்டாது. ராத்திரியோடு ராத்திரியாகக் கரையை உடைத்துத் தனக்கென்று ஒரு வாய்க்கால் இழுத்துக்கொள்வான். பானஸும் அப்படித்தான் பக்கத்து ரத்தக் குழாயிலிருந்து கிளை இழுக்கிறது. அந்தக் கிளை வழியாகச் சாப்பாட்டோடு, அழற்சியைக் கூட்டுகிற வெள்ளணுக்களும் வந்து இறங்குகின்றன. அதனால் சதை இன்னும் தடிக்கிறது, இன்னும் கிளை கேட்கிறது.

விஇஜிஎஃப் என்பது என்ன?

அந்த வாய்க்காலை வெட்டச் சொல்லி ஆள் அனுப்பும் புரதம். ரத்தக் குழாயின் உட்சுவரில் வரிசையாக ஒட்டியிருக்கும் செல்களைப் பெருகவும் நகரவும் தூண்டுகிறது. பெயரின் பொருளே 'ரத்தக் குழாய் உட்சுவர் வளர்ச்சிக் காரணி' என்பதுதான்.

இது கெட்ட பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. வயிற்றில் குழந்தை உருவாகும்போதும், அறுத்த காயம் ஆறும்போதும் இது வேண்டும். எல்லா உடம்பிலும் கொஞ்சம் இருக்கும்.

ஆக்சிஜன் குறைகிற இடத்தில் இதன் உற்பத்தி ஏறும். அதற்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது: எச்ஐஎஃப் என்ற புரதம். ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போது இந்தப் புரதத்தைச் செல் உடனுக்குடன் அழித்துவிடும். தட்டுப்பாடு வந்தால் அழிக்காது. அது போய் விஇஜிஎஃப் மரபணுவை முடுக்கிவிடும். செல்கள் ஆக்சிஜன் அளவை எப்படி உணர்கின்றன என்ற இந்தச் சங்கதியைக் கண்டறிந்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா மூவருக்கும் 2019-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. முடக்குவாத மூட்டுக்குள் சவ்வு தடித்து, ஆக்சிஜன் போதாமல் போய்விடுகிறது. போதாததற்கு டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருட்களும் சேர்ந்து விஇஜிஎஃப்பைக் கூட்டுகின்றன.

மூட்டு வீங்குவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இந்தப் புரதத்துக்கு முதலில் வைத்த பெயரைப் பார்த்தாலே தெரியும். 1983-ல் அமெரிக்காவில் ஹரால்ட் டுவோராக், டொனால்ட் செங்கர் குழுவினர் ரத்தக் குழாயை ஒழுக வைக்கும் ஒரு பொருளைக் கண்டு, 'குழாய் ஊடுருவல் காரணி' என்று பெயர் சூட்டினார்கள். 1989-ல் நெப்போலியோன் ஃபெராரா குழு ரத்தக் குழாயை வளர்க்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து விஇஜிஎஃப் என்றது. கடைசியில் பார்த்தால் இரண்டும் ஒன்றேதான். வளர்ப்பதும் ஒழுக விடுவதும் ஒரே ஆள்.

அவசரத்தில் வெட்டிய வாய்க்காலுக்குக் கரை பலமாக இருக்காது அல்லவா? புதிதாக முளைத்த குழாய்களும் கசியும். கசிந்த நீர் மூட்டில் தேங்கும். காலையில் முழங்கால் திமுதிமுவென்று கனப்பதற்கும், தொட்டால் சூடாக இருப்பதற்கும் இந்தக் கூடுதல் ரத்த ஓட்டமும் கசிவும் பெரிய காரணம். 1994-லேயே முடக்குவாத நோயாளிகளின் மூட்டு நீரில் விஇஜிஎஃப் இருப்பதைக் காட்டிவிட்டார்கள். தேய்மானத்தால் வரும் மூட்டுவலிக்காரர்களைவிட இவர்களுக்கு அது அதிகமாக இருந்தது.

ரத்தக் குழாய் வளர்ச்சியைக் காட்ட இது ஒன்றுதானா, வேறு மார்க்கர்கள் இருக்கின்றனவா?

நிறைய இருக்கின்றன. முக்கியமான சிலதை மட்டும் சொல்கிறேன்.

ஆஞ்சியோபாய்ட்டின் என்று இரண்டு பேர், அண்ணன் தம்பி மாதிரி. இருவரும் 'டை-2' என்ற ஒரே வாசலில் போய் உட்காருவார்கள், ஆனால் செய்கிற வேலை வேறு. ஆஞ்சியோபாய்ட்டின்-1 குழாயின் சுவரைக் கெட்டிப்படுத்தும். கரைக்குக் கல் பதிக்கும் கொத்தனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஞ்சியோபாய்ட்டின்-2 சுவரைத் தளர்த்தும். தளர்ந்த நேரத்தில் பக்கத்தில் விஇஜிஎஃப் இருந்தால் புதுக்கிளை முளைக்கும். இல்லாவிட்டால் அந்தக் குழாய் சுருங்கி மறையும். அதனால் இரண்டாவது ஆளை மட்டும் தனியாக அளந்து ஒரு முடிவுக்கு வருவது சிரமம்.

கரையவல்ல விஇஜிஎஃப் ஏற்பி என்று ஒன்று உண்டு. செல்லில் ஒட்டியிராமல் ரத்தத்தில் மிதந்து, வருகிற விஇஜிஎஃப்பை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். முடக்குவாதத்தில் இதுவும் சேர்ந்து கூடுகிறது. கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறும் ப்ரீ-எக்லாம்ப்சியாவில் இதை அளக்கிறார்கள் என்பது உபரித் தகவல்.

எண்டோஸ்டாட்டின் எதிர்க்கட்சி. 18-ஆம் வகைக் கொலாஜன் உடைவதில் பிறக்கும் துண்டு; குழாய் வளர்ச்சியைத் தடுக்கும். 1997-ல் ஜூடா ஃபோக்மேனின் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தார்கள். புற்றுக்கட்டிகள் வளர அவற்றுக்குப் புது ரத்தக் குழாய் வேண்டும், அதைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்று 1971-லேயே எழுதியவர் அவர். அந்த யோசனைதான் பிறகு மூட்டுக்கும் வந்து சேர்ந்தது.

ரத்தத்தில் இதை எப்படி அளக்கிறார்கள்?

இது என் பேட்டை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எலைசா என்ற முறை. 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு. பணியாரச் சட்டியைச் சின்னதாக்கியது போல இருக்கும். ஒவ்வொரு குழியின் அடியிலும் விஇஜிஎஃப்பை மட்டும் பிடிக்கும் எதிர்ப்புரதத்தைப் பூசியிருப்பார்கள். உங்கள் மாதிரியை விட்டுக் கழுவினால், பிடிபட்டது மட்டும் நிற்கும். அதன்மேல் நிறம் தரும் இன்னொரு எதிர்ப்புரதம். கடைசியில் மஞ்சள் எவ்வளவு அடர்த்தியாக வருகிறது என்று கருவி படிக்கும். கணக்கு பிகோகிராமில் வரும். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காகப் போட்டால் அதில் ஒரு பங்கு ஒரு பிகோகிராம்.

சிக்கல் இதற்கு முன்னாலேயே, ரத்தம் எடுக்கும் டியூபிலேயே தொடங்கிவிடுகிறது. சிவப்பு மூடி டியூபில் எடுத்தால் ரத்தம் உறையும். மேலே தெளிந்து நிற்பது சீரம். ஊதா மூடி டியூபில் உறையாமல் தடுக்கும் மருந்து இருக்கும். அதைச் சுழற்றினால் பிளாஸ்மா கிடைக்கும். சர்க்கரைக்கோ கொழுப்புக்கோ இதில் பெரிய வித்தியாசம் வராது. விஇஜிஎஃப்புக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் வரும். ஏனென்றால் ரத்தத்தில் உள்ள பிளேட்லெட்டுகள் தங்கள் பைக்குள் விஇஜிஎஃப்பை வைத்திருக்கின்றன. ரத்தம் உறையும்போது அவை பையை அவிழ்த்துக் கொட்டிவிடும். அதனால் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் எடுத்தாலும் சீரத்தில் எண் அதிகமாகவும் பிளாஸ்மாவில் குறைவாகவும் வரும்.

முடக்குவாதம் தீவிரமாக இருக்கும்போது பிளேட்லெட் எண்ணிக்கையே கூடிவிடும். அப்படியானால் சீரத்தில் ஏறிய விஇஜிஎஃப் மூட்டிலிருந்து வந்ததா, டியூபுக்குள் பிளேட்லெட் கொட்டியதா? இரண்டும் கலந்துதான் இருக்கும். எவ்வளவு நேரம் உறைய விட்டோம், எப்போது சுழற்றினோம், ஐஸ் பெட்டியில் போனதா, அக்னி நட்சத்திர வெயிலில் பஸ்ஸில் போனதா என்பதெல்லாம் எண்ணில் தெரியும். வெளியூருக்கு அனுப்பிச் செய்யும் பரிசோதனை என்றால் இவ்வளவையும் யோசிக்க வேண்டும்.

என் ரிப்போர்ட்டில் விஇஜிஎஃப் அதிகம் என்று போட்டிருக்கிறது. புற்றுநோயாக இருக்குமோ?

இந்தப் பக்கத்தை எழுத வைத்ததே இந்தக் கேள்விதான். முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார்கள். பீடி சுற்றுகிறவர்கள். எங்கோ ஒரு லேபில் 'மூட்டு முழு பேக்கேஜ்' என்று எடுத்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருந்தார்கள். லேபின் பெயர் வேண்டாம். விஇஜிஎஃப் எண்ணுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் மேல்நோக்கி ஒரு அம்பு. மகன் செல்போனில் தேடிப் பார்த்திருக்கிறான். முதலில் வந்ததெல்லாம் புற்றுநோய். வீட்டில் மூன்று நாள் அடுப்பு சரியாக எரியவில்லை. சீரமா பிளாஸ்மாவா என்று அந்த ரிப்போர்ட்டில் போடவே இல்லை.

அந்த எண் அதிகமாவதற்குக் காரணங்கள் ஏராளம். அழற்சி எதுவாக இருந்தாலும் ஏறும். ஆறுகிற காயம் ஏற்றும், கர்ப்பத்தில் மாறும், பிளேட்லெட் கூடினால் ஏறும், புற்றுநோயிலும் ஏறலாம். எல்லா நோயிலும் தலைகாட்டுகிற ஒன்றை வைத்துக்கொண்டு எந்த நோயையும் உறுதிசெய்ய முடியாது. ஊர் உலகத்துக்கெல்லாம் பொதுவான 'நார்மல்' அளவும் இதற்குக் கிடையாது; ஒவ்வொரு கம்பெனி கிட்டுக்கும் ஒவ்வொரு வரம்பு. அந்த அக்காவை டாக்டர் பார்த்துவிட்டுப் புற்றுநோய் எதுவும் இல்லை, மூட்டு அழற்சிதான் கட்டுக்குள் இல்லை என்றார். அது கையைப் பார்த்தாலே தெரிந்தது. "காலையில கை மடங்க மாட்டேங்கு தம்பி, பத்து மணிக்கு மேலதான் கத்திரியே பிடிக்க முடியுது" என்று அவர்களே சொன்னார்கள். இலை வெட்டும் விரல் கணுக்கள் இரண்டு கையிலும் ஒரே மாதிரி புடைத்திருந்தன. இவ்வளவு தெரிந்த பிறகு அந்த எண் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது?

அப்படியானால் இந்தப் பரிசோதனையே வீண் என்கிறீர்களா?

ஆராய்ச்சிக்கு வீண் இல்லை. நூறு இருநூறு நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகத் தெரிகிறது. நோய் தீவிரமாக உள்ள கூட்டத்துக்குச் சராசரி அளவு கூடுதலாக இருக்கும், எலும்பு அரிப்பு அதிகம் காண்பவர்களிடமும் கூடுதலாக இருக்கும். அமெரிக்காவில் 12 புரதங்களை ஒன்றாக அளந்து, நோய் எவ்வளவு தீவிரம் என்று 1 முதல் 100 வரை ஒரே மதிப்பெண் தரும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அந்த 12-ல் விஇஜிஎஃப்பும் ஒன்று. கூட்டத்தோடு நின்றால் அதற்கு மரியாதை உண்டு.

ஆனால் தனி ஒருவரை எடுத்துக்கொண்டு, இந்த எண்ணை வைத்து நோய் இருக்கிறது இல்லை என்றோ, இந்த மருந்து அந்த மருந்து என்றோ முடிவெடுப்பதில்லை. நோயை வகைப்படுத்த 2010-ல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டு மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து வகுத்த புள்ளிக்கணக்கில் எத்தனை மூட்டு, எந்த எதிர்ப்புரதம், அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி ஏறியிருக்கிறதா, 6 வாரத்தைத் தாண்டியதா என்று நான்கு அம்சங்கள்தான். 10-க்கு 6 வந்தால் முடக்குவாதம் எனக் கொள்ளலாம். விஇஜிஎஃப் அதில் இல்லை. என்னைக் கேட்டால், டாக்டர் எழுதிக் கொடுக்காமல் நீங்களாகக் காசு கட்டி எடுக்க வேண்டாம். லேபில் வேலை பார்த்துக்கொண்டு இப்படிச் சொல்கிறானே என்று முதலாளி கோபிக்கலாம்.

சரி, எதைத்தான் எடுக்க வேண்டும்?

டாக்டர் எழுதுவது பெரும்பாலும் இவைதான்: ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி-சிசிபி (இரண்டும் முடக்குவாதத்துக்காக ரத்தத்தில் தேடும் எதிர்ப்புரதங்கள்), இஎஸ்ஆர், சிஆர்பி, ரத்த அணுக்கள் முழு எண்ணிக்கை, கல்லீரல், கிரியாட்டினின்.

ஆர்ஏ ஃபேக்டரைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை. பாசிட்டிவ் என்று வந்தாலே முடக்குவாதம் என்று நம் ஊரில் முடிவு கட்டிவிடுகிறார்கள். காசநோய், தொழுநோய், மஞ்சள்காமாலை சி வகைக் கிருமி இவற்றிலும் பாசிட்டிவ் வரும். வயதானால் ஒன்றுமே இல்லாமலும் வரும். மறுபக்கம், முடக்குவாதம் உள்ளவர்களிலேயே நான்கைந்து பேரில் ஒருவருக்கு நெகட்டிவாகவே இருக்கும். ஆன்டி-சிசிபி இன்னும் நம்பகமானது. நோய் வெளியே தெரிவதற்குச் சில வருடங்கள் முன்பே கூடச் சிலருக்கு ரத்தத்தில் வந்துவிடுகிறது.

இஎஸ்ஆர் என்பது உயரமான குழாயில் ரத்தத்தை நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் சிவப்பணு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று பார்ப்பது. ரத்தசோகை இருந்தால் அதுவே இதை ஏற்றிவிடும். அதனால் இஎஸ்ஆர் மட்டும் கூடி சிஆர்பி சரியாக இருந்தால் டாக்டர் ஹீமோகுளோபினைப் பார்ப்பார்.

வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

வேண்டாம். மேலே சொன்ன எதற்கும் தேவையில்லை. சர்க்கரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தால் மட்டும் சாப்பிடாமல் வாருங்கள்.

சிக்குன்குனியா வந்ததிலிருந்து மூட்டுவலி. அதுவும் முடக்குவாதம்தானா?

2006-ல் சிக்குன்குனியா நம் மாநிலத்தை ஒரு ஆட்டு ஆட்டியது பலருக்கும் நினைவிருக்கும். காய்ச்சல் ஒரு வாரத்தில் போனாலும் மூட்டுவலி மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நின்றது. கை விரல், மணிக்கட்டு இரண்டு பக்கமும் வீங்கி, காலையில் விறைத்து, பார்க்க அச்சு அசலாக முடக்குவாதம் போலவே இருக்கும். பெரும்பாலோருக்குத் தானாகத் தணிந்துவிடும். ஆன்டி-சிசிபி பெரும்பாலும் இரண்டையும் பிரித்துக் காட்ட உதவுகிறது. காய்ச்சல் எப்போது வந்தது என்ற மாதத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சர்க்கரைக்காரர்களுக்குக் கண்ணில் விஇஜிஎஃப்பைத் தடுக்கும் ஊசி போடுகிறார்களே, அதையே மூட்டுக்கும் போடலாமே?

நல்ல கேள்வி. வண்ணார்பேட்டையிலிருந்து வந்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் கேட்டது. அவர் மனைவிக்கு முடக்குவாதம், அவருக்குக் கண்ணில் அந்த ஊசி.

கண் ஒரு மூடிய சின்ன அறை. அதற்குள் துளி மருந்தை விட்டால் பெரும்பாலும் அங்கேயே வேலை செய்யும். முடக்குவாதமோ இரண்டு கை, இரண்டு கால் என்று பத்து இருபது மூட்டில் பரவி நிற்கும். அத்தனைக்கும் எட்ட வேண்டும் என்றால் உடம்பு முழுக்கப் போகும் அளவில் ஏற்ற வேண்டும். பெவாசிசுமாப் என்ற மருந்தைப் புற்றுநோய்க்கு அப்படி ஏற்றுகிறார்கள். 2004-ல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. ரத்த அழுத்தம் ஏறுவது, காயம் ஆறாமல் இழுப்பது, ரத்தக்கசிவு, சிறுநீரில் புரதம் போவது எல்லாம் அதன் பக்கவிளைவுகள். உயிருக்குப் போராடும் இடத்தில் டாக்டர்கள் அதைத் துணிந்து கொடுக்கிறார்கள். பல வருடம் ஓட்ட வேண்டிய மூட்டு நோய்க்கு அது கட்டுப்படியாகாது. முடக்குவாதத்துக்கு இது சிகிச்சையாக வரவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. விஇஜிஎஃப்பைக் கூட்டிவிடுவதே டிஎன்எஃப்பும் இன்டர்லூகின்-6-உம் என்று சொன்னேன் அல்லவா? அவற்றை அடைக்கும் மருந்து ஏற்கெனவே கையில் இருக்கிறது. மேலே மடையை அடைத்துவிட்டால் கீழே வாய்க்காலைத் தனியாக மறிக்க வேண்டியதில்லை.

மருந்து சாப்பிட்டால் இந்த அளவு குறையுமா?

குறைகிறது. லண்டனில் ரவிந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மேனும் டிஎன்எஃப் தடுப்பு மருந்தை முடக்குவாதத்துக்குக் கொண்டுவந்தவர்கள். அவர்கள் குழுவே 1998-ல், அந்த மருந்தை ஏற்றிய நோயாளிகளின் சீரத்தில் விஇஜிஎஃப் இறங்கியதைக் காட்டியது. இன்டர்லூகின்-6-ஐத் தடுக்கும் டோசிலிசுமாபிலும் அப்படியே. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க அதற்காக விஇஜிஎஃப் எடுக்க வேண்டாம். வீங்கிய மூட்டுகளை எண்ணுவதும் சிஆர்பியும் போதும். ஒன்று மட்டும் கவனம்: டோசிலிசுமாப் சிஆர்பியை நேராகவே இறக்கிவிடும், அதனால் அந்த மருந்தில் இருப்பவர்களுக்குச் சிஆர்பி நல்ல அளவுகோல் ஆகாது.

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை போடுகிறேன். எதற்கு அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்கள்?

வெள்ளணு குறைகிறதா, கல்லீரல் தாங்குகிறதா, சிறுநீரகம் சரியா என்று பார்க்க. இந்த மூன்றையும் தவறவிடாதீர்கள்.

இங்கே ஒரு சம்பவம் சொல்லியே ஆக வேண்டும். நாங்குநேரிப் பக்கத்து ஆச்சி ஒருவர் வாய் முழுக்கப் புண்ணோடு வந்தார். வெள்ளணு அதல பாதாளத்தில் இருந்தது. விசாரித்தால், வாரம் ஒரு நாள் போட வேண்டிய மாத்திரையைத் தினமும் போட்டிருக்கிறார். சீட்டில் என்ன எழுதியிருந்தது, கடையில் என்ன சொன்னார்கள், வீட்டில் யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று இப்போது கிளறி என்ன பயன்? அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தோம், பிழைத்துக்கொண்டார். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். எந்தக் கிழமை என்று முடிவு செய்து, அட்டையின் மேலேயே பேனாவால் எழுதுங்கள். "செவ்வாய் மாத்திரை" என்றே வீட்டில் பெயர் வைத்துவிடுங்கள். போலிக் அமில மாத்திரையை டாக்டர் சொன்ன மற்ற நாளில் போட வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் இதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் இந்த மருந்து கூடவே கூடாது.

பீடியால் முடக்குவாதம் வருமா?

பீடியோ சிகரெட்டோ, புகைப்பது முடக்குவாதத்துக்கு உறுதியான காரணங்களில் ஒன்று. ஆன்டி-சிசிபி பாசிட்டிவாக உள்ள வகைக்கு இன்னும் அதிகம். புகைப்பவர்களுக்கு மருந்தும் சரியாகக் கேட்காது. கல் குவாரியிலும் கிரஷரிலும் பறக்கும் சிலிக்காத் தூசியும் இந்தப் பட்டியலில் உண்டு. சுற்றுகிற பெண்களுக்குக் கஷ்டம் வேறு மாதிரி: நோய் வந்தால் முதலில் போவது விரல்தான், விரல் போனால் கூலி போயிற்று. அதனால் 'கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்' என்று ஆறு மாதம் வலி மாத்திரையில் ஓட்டாமல், ஆரம்பத்திலேயே மூட்டு டாக்டரைப் பாருங்கள். எலும்பு அரித்த பிறகு அந்த அரிப்பைத் திருப்ப வழியில்லை.

முடக்கத்தான் சாப்பிடலாமா? சித்த மருந்து?

முடக்கத்தான் தோசை நன்றாகத்தான் இருக்கும், சாப்பிடுங்கள். மாத்திரைக்குப் பதிலாக அல்ல, சட்னிக்குத் துணையாக.

சித்த மருந்து எடுப்பவர்கள் இரண்டு டாக்டரிடமும் இரண்டையும் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. படித்த மருத்துவரிடம் போகலாம். மெத்தோட்ரெக்சேட் கல்லீரலில் வேலை வைக்கும் மருந்து. கூடவே பெயர் தெரியாத லேகியமும் போனால், கல்லீரல் ரிப்போர்ட்டில் எண் ஏறும்போது யார் மேல் பழி போடுவது என்று தெரியாமல் போகும். பஸ் ஸ்டாண்டில் விற்கும் 'மூணே நாளில் குணம்' பொட்டலத்தைத் தொடாதீர்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

புது ரத்தக் குழாயைக் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். பவர் டாப்ளர் வசதி உள்ள அல்ட்ராசவுண்டில் விரல் மூட்டை வைத்தால், சவ்வுக்குள் ரத்தம் ஓடும் இடம் ஆரஞ்சுச் சிவப்பாக மினுங்கும். வெளியே வீக்கம் தணிந்த மூட்டிலும் சில சமயம் உள்ளே கங்கு போல இருப்பது தெரியும். விஇஜிஎஃப் உடம்பு முழுக்க உள்ள மொத்தத்தைச் சொல்கிறது. எந்த மூட்டு என்று சொல்லாது. ஸ்கேன் விரலைச் சுட்டிக் காட்டிவிடும். ரத்தக் குழாய் வளர்ச்சியைப் பற்றி உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று டாக்டர் நினைத்தால், என் அனுபவத்தில் இதைத்தான் எழுதுகிறார்.

ஆராய்ச்சிக்கு என்று கூடுதலாக ரத்தம் கேட்டால் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு. எதற்கு, எத்தனை மில்லி, எத்தனை தடவை என்று தமிழில் எழுதிய தாளைப் படித்துக் காட்டி, உங்கள் கையெழுத்தை வாங்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்க வேண்டும். ஆராய்ச்சிக்காகச் செய்யும் பரிசோதனைக்கு உங்களிடம் காசு கேட்கக் கூடாது. பாதியில் வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம், அதனால் உங்கள் சிகிச்சை குறையக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளில் இதெல்லாம் இருக்கிறது. விஇஜிஎஃப் பற்றி மேலே எழுதிய அத்தனையும், எங்கெங்கோ யார் யாரோ இப்படிக் கை நீட்டியதால் தெரிந்ததுதான்.

ரத்தம் கொடுக்க வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் ஒரு மஞ்சப்பையில் போட்டு வையுங்கள். மாத்திரை அட்டைகளும் அதிலேயே இருக்கட்டும். முடிந்தவரை ஒரே லேபில் எடுத்தால் எண்ணை ஒப்பிட வசதி. காலையில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் நரம்பு நன்றாகத் தெரியும். அப்புறம், "கையை இறுக்கி மூடுங்க" என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிடுவேன். மூட முடியவில்லை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு மூட வேண்டாம். "முடியல தம்பி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூடாமலேயே எடுத்துவிடுவேன்.